டேஷ்போர்டு சொல்வதும் சொல்லாததும்

இந்தியச் சாலைகளில் காதைத் துளைக்கும் ஹாரன் சத்தத்தில் ஒரு பங்கு கோவை கணபதியில் பிறந்தது. 1970-ல் கே. ராமசாமி தொடங்கிய ரூட்ஸ் நிறுவனத்தின் முகவரி கணபதி ஆர்.கே.ஜி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். நாட்டின் பெரிய ஹாரன் தயாரிப்பாளர்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து சத்தி ரோட்டிலேயே வடக்கே போய், சரவணம்பட்டியில் கீரணத்தம் பக்கம் திரும்பினால் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் வளாகம். கார்களுக்குள் இருக்கும் கணினிகளுக்கு நிரல் எழுதும் வேலை அங்கே நடக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையம் போனால் பிரிக்கால். 1970களின் நடுவிலிருந்து வண்டிகளுக்கு ஸ்பீடோமீட்டரும் மீட்டர் போர்டும் சென்சாரும் செய்துவரும் நிறுவனம். எதிரே வருபவரை எச்சரிக்கும் கருவி ஒரு மூலையில், ஓட்டுபவரை எச்சரிக்கும் கருவி இன்னொரு மூலையில், எப்போது எச்சரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல் நடுவில். எச்சரிக்கையைத் தயாரித்து விற்கிற ஊர் என்றே கோவையைச் சொல்லலாம்.

அதே கணபதியில், டெக்ஸ்டூல் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: “லைட்டு மட்டுந்தானுங்க எரியுது, வண்டி ஜம்முன்னு ஓடுதுங்ணா. அதைய மட்டும் அணைச்சு உட்ருங்க.”

இந்த வசனத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி ஆளைக் கொல்லும். எந்தப் பாதி எது என்பது எரிகிற விளக்கைப் பொறுத்தது.

ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு சென்சார் இருக்கிறது. அந்த சென்சாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். வண்டி நல்லா இருக்கிறதா என்று அதைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. இந்தக் குழாயில் அழுத்தம் இருக்கிறதா, இந்தச் சக்கரம் சுற்றுகிறதா, இந்தக் கம்பியில் மின்தடை எத்தனை ஓம் என்று கேட்டால் மட்டும் சொல்லும். டேஷ்போர்டைப் பற்றி ஓட்டுநர்களிடம் இருக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை, விளக்கு எதை அளக்கிறது என்று தெரியாமல் அது எதைச் சொல்கிறது என்று ஊகிப்பதில் வருபவை.

நிறங்களில் குழப்பமில்லை. பெரும்பாலான நாடுகளில் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற தரநிலைதான் அடிப்படை. சிவப்பு என்றால் ஓரங்கட்டி நிறுத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே. சாவியைத் திருப்பியவுடன் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்து சில வினாடிகளில் அணைகின்றனவே, அதுவும் ஒரு சோதனைதான். விளக்கு உயிரோடு இருக்கிறது என்று வண்டி காட்டிக்கொள்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அந்தச் சில வினாடிகளை விடாமல் பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கு அந்தக் கூட்டத்தில் எரியவே இல்லை என்றால், அது கெட்டுப்போயிருக்கலாம். அல்லது யாரோ வேண்டுமென்றே எரியவிடாமல் செய்திருக்கலாம். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றுவதைவிட விளக்கின் வாயை அடைப்பது மலிவு.

சிவப்பு விளக்குகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எண்ணெய்க் கிண்டி போன்ற படம். ஆயில் குறைந்துவிட்டது, ஊருக்குப் போய் ஒரு லிட்டர் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. என்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுவிட்ச்தான் அதற்குப் பின்னால் இருப்பது. உள்ளே ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும். ஆயிலின் அழுத்தம் சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை மின்சுற்று பிரிந்தே இருக்கும். அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே இறங்கினால் வில் ஜெயித்துவிடும், சுற்று இணையும், விளக்கு எரியும்.

அந்த அழுத்தம் எதற்கு? என்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் அதன் பேரிங்கைத் தொடுவதே இல்லை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தடவை சுற்றும்போது இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் கனத்தில் ஒரு ஆயில் படலம் நிற்கிறது. தண்டு அதன் மேல் மிதக்கிறது. பம்பு ஆயிலைத் தள்ளுவதை நிறுத்தினால் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தொடும். அப்புறம் நிமிடக் கணக்குதான். இன்னொன்றும் உண்டு: ஆயில் ஒரு லிட்டர் குறைந்தாலும் பம்புக்கு உறிஞ்ச ஏதோ இருக்கிற வரை விளக்கு எரியாது. வளைவில் திரும்பும்போது மட்டும் கண் சிமிட்டும். அடித்தொட்டியில் மிச்சமிருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சுகிற கணம் அது. அந்தச் சிமிட்டலைப் பார்த்தவர் உடனே நிறுத்தி ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பாரானால் என்ஜின் தப்பும். விளக்கு நிலையாக எரியத் தொடங்கிவிட்டால் டோவிங் வண்டிக்குச் சொல்லிவிடுவதுதான் மலிவான வழி.

வெப்பமானி முள்ளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பல நவீனக் கார்களில் கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நட்ட நடுவிலேயே நிற்கும்படி நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலே பதறி சர்வீஸ் சென்டருக்கு ஓடிவருகிறார்கள் என்பதால் வந்த ஏற்பாடு. அதனால் முள் நடுவிலிருந்து நகர்ந்தாலே நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். கூலன்ட் மொத்தமும் வழிந்து போய்விட்டால் இன்னும் மோசம். திரவத்தில் முங்கியிருக்க வேண்டிய சென்சார் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டு தப்பான வெப்பத்தைச் சொல்லக்கூடும்.

இனி, அந்த வசனத்தில் இருக்கும் நியாயமான பாதி. “வண்டி ஜம்முன்னு ஓடுது” என்பது செக் இன்ஜின் விளக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஏனென்றால் அந்த மஞ்சள் விளக்கு ஓட்டுநருக்காகப் பிறந்ததே அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலம், வண்டிகள் தங்கள் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று 1980களின் கடைசியில் விதி கொண்டுவந்தது. 1996-ல் அது அமெரிக்கா முழுமைக்குமான ஓ.பி.டி. 2 தரநிலை ஆனது. இந்தியாவில் பி.எஸ். 4 கார்களோடு 2010-ல் முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கும் 16 முனை சாக்கெட் அதன் அடையாளம். ஆக, அந்த விளக்கு முதலில் காக்க நினைப்பது சைலன்சருக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுகிறவரை.

ஆனால் அது நிலையாக எரிவதும் மினுக் மினுக்கென்று சிமிட்டுவதும் ஒன்றல்ல. சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய பீங்கான் தேன்கூடு அது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உருகி அடைத்துக்கொள்ளும். பல ஆயிரம் ரூபாய்ச் செலவை அந்தச் சிமிட்டல் முன்கூட்டியே சொல்கிறது. வேகத்தைக் குறைத்து, ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்காமல், அருகில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

அங்கே போனதும் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுவார். திரையில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி அங்கங்கே மிஸ்ஃபயர். பி0420 என்றால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. இந்தக் குறியீடுகள் எதுவும் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லை தாண்டியது என்றுதான் சொல்கின்றன. பி0420-ஐப் பார்த்த மாத்திரத்தில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் அதே குறியீடு வரலாம். சில சமயம், மரத்தடியில் நிறுத்திய காரில் எலி வயரைக் கடித்து வைத்திருக்கும். மழைக்காலம் வந்தால் கோவையில் பானெட்டைத் திறந்து புகையிலைக் காம்பும் பாச்சை உருண்டையும் வைக்கிற வழக்கம் சும்மா வந்ததல்ல.

“எரர் கோடை அழிச்சு உட்ருங்க” என்பதைத்தான் செய்யக் கூடாது. குறியீடு பதிவான கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எத்தனை சுற்று, கூலன்ட் எவ்வளவு சூடு என்று ஒரு பதிவையும் கணினி சேர்த்து வைத்திருக்கிறது. கோளாறு மலையேறும்போதா, ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போதா என்று நல்ல மெக்கானிக் அதிலிருந்து கண்டுபிடிப்பார். அழித்தால் விளக்கோடு சாட்சியும் போய்விடும். கோளாறு அப்படியே இருந்தால் சில நாளில் விளக்கு மட்டும் திரும்பி வரும்.

அந்த வசனத்தின் ஆளைக் கொல்லும் பாதி ஏர்பேக் விளக்கில் இருக்கிறது. எரிந்தாலும் வண்டி ஓடுவதில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் மாதக்கணக்கில் எரியவிட்டு ஓட்டுகிறார்கள். அது எரிந்தால், மோதும்போது காற்றுப்பை விரியும் என்ற உத்தரவாதம் போய்விட்டது என்று பொருள். இதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. புதுக் கார் வாங்கிய கையோடு சீட் கவர் போடுகிறோம். சீட்டைக் கழற்றி மாட்டும்போது அதற்கடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் தளர்ந்துவிடும். ஏர்பேக் சம்பந்தப்பட்ட இணைப்புகளுக்கு மஞ்சள் நிறம் தருவது வழக்கம், யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. காற்றுப்பையை விரிக்கும் பற்றவைப்பியின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம்தான். கனெக்டரில் துளி துருவோ தூசியோ சேர்ந்து அந்தத் தடை கொஞ்சம் கூடினாலும் கணினி கண்டுபிடித்து விளக்கைப் போடும். கவரும் தொல்லை தரக்கூடியதுதான்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் காரில் கெட்டித் தையலில் கவர் போட்டால் பை வெளியே வரவே வழி இராது.

மோதலை உணர்ந்ததிலிருந்து பை முழுதாக விரிய ஏறக்குறைய 30 மில்லிவினாடி ஆகும். கண் இமைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். இந்தக் கணக்கு, ஓட்டுபவர் சீட்டில் முதுகைச் சாய்த்து, பெல்ட் பிடித்திருக்கிற நிலையில் இருக்கிறார் என்று வைத்துப் போட்டது. பெல்ட் போடாதவர் பிரேக் அடித்த வேகத்திலேயே ஸ்டீயரிங் பக்கம் சரிந்து போயிருப்பார். மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் வெளிவரும் பையை அவர் முகம் முன்னாலேயே போய்ச் சந்திக்கும்.

இங்கேதான் கடைகளில் கிடைக்கும் ஒரு சின்ன உலோக நாக்கு வருகிறது. பெல்ட்டின் நாக்கைப் போலவே இருக்கும், ஆனால் பெல்ட் இருக்காது. பூட்டுக்குள் செருகினால் டிங் டிங் சத்தம் நின்றுவிடும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த நாக்கின் மேல் அரசின் கண் விழுந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்குளூஸ், மீஷோ ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவு போட்டது. ஏறக்குறைய 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. இதே நாக்கை அலங்காரப் பொருள், பாட்டில் திறப்பான் என்ற போர்வையிலும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாக்கு சத்தத்தை மட்டும் நிறுத்துவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெல்ட் பூட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் சத்தக் கருவிக்கு மட்டும் தகவல் சொல்வதல்ல. பல கார்களில் ஏர்பேக் கணினியும் அதைக் கேட்டுத்தான் எவ்வளவு பலமான மோதலில் பையை விரிப்பது, பெல்ட்டை எப்போது இழுத்துப் பிடிப்பது என்று முடிவெடுக்கிறது. நாக்கைச் செருகியவர், பெல்ட் போட்டிருக்கிறேன் என்று அந்தக் கணினியிடம் பொய் சொல்கிறார். அது அந்தப் பொய்யை நம்பி வேலை செய்யும். 2022-ல் இந்தியாவில் சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது 16,715 பேர். அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி. அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, கணக்குப்படி, 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பின் சீட்டில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு மாறாது. பின் சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. முன் சீட் இரண்டுக்கும் 2019 ஜூலை 1 முதலே உண்டு. பக்கத்துச் சீட்டில் ரேஷன் அரிசி மூட்டையை வைத்துவிட்டு, வண்டி ஏன் கத்துகிறது என்று தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீட்டின் அடியில் இருக்கும் எடை உணரிக்கு மூட்டைக்கும் மச்சானுக்கும் வித்தியாசம் தெரியாது.

சத்தம் போடுவதற்குப் பதில் வண்டியே நின்றுவிட்டால் என்ன? கொங்குநாட்டுக்காரர்களுக்கு இது புதிய யோசனை அல்ல. சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்டோ லூமில் பாவு நூல் ஒன்று அறுந்தால், அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்த டிராப் பின் கீழே விழுந்து மின்சுற்றை இணைக்கும், தறி நின்றுவிடும். நெய்பவர் வந்து நூலை முடிந்தால்தான் மறுபடி ஓடும். தறி எச்சரிப்பதில்லை, நிற்கிறது. அமெரிக்கா இதைக் காரில் செய்து பார்த்தது. 1974 மாடல் கார்களில், முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மக்கள் கொதித்துப் போனார்கள். நாய்க்குட்டியையும் காய்கறிப் பையையும் சீட்டில் வைத்தாலே வண்டி கிளம்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கக் கூடாது, எச்சரிக்கைச் சத்தமும் 8 வினாடிக்கு மேல் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் போட்டுவிட்டது. மூன்று முனை பெல்ட்டை வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-லேயே உருவாக்கி, அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் வோல்வோ திறந்துவிட்ட பிறகும், அதை மனிதர்கள் மாட்டிக்கொள்ள வைப்பதற்கு இவ்வளவு பாடு. 2000 வாக்கில் ஃபோர்டு நடுவழியைக் கண்டது: வண்டி ஓடும், ஆனால் விட்டுவிட்டுச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கார்களில் பெல்ட் போடுகிறவர்களின் விகிதம் 71-லிருந்து 76 சதவீதமாக உயர்ந்ததாக ஆய்வு சொன்னது. தறியைப் போல நிற்கவும் முடியாமல், வாயை மூடவும் முடியாமல் இன்றைய கார்கள் டிங் டிங் என்று சொல்லிக்கொண்டிருப்பதன் வரலாறு இதுதான்.

80-ஐத் தாண்டினால் வரும் சத்தமும் அதே 2019 விதியின் பிள்ளை. 80-க்கு மேல் விட்டுவிட்டு, 120-க்கு மேல் விடாமல். அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, இந்தச் சத்தத்தை எப்படி அணைப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஈரமில்லாத சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் 80-ல் வண்டி நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் ஆகும். 120-ல் 79 மீட்டர். காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கும் முன் ஓடிப்போகும் தூரம் இதில் சேரவில்லை. வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதும் உண்மைதான். உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டினால் பத்து சதவீதத்தோடு 4 கிலோமீட்டர் வரை போகலாம் என்று ஐ.நா. விதி சொல்கிறது. கேபிளில் ஓடிய பழைய ஸ்பீடோமீட்டருக்கு ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கினார்: காந்தம் சுற்ற, அதைத் தொடாமலேயே அலுமினியக் கிண்ணம் ஒன்று இழுபட, ஒரு முடிச்சுருள் வில் அதைத் தடுத்து நிறுத்தும் இடத்தில் முள் நிற்கும். இன்று அந்த வேலையைச் சக்கரத்தில் இருக்கும் ஏ.பி.எஸ். சென்சாரே பார்த்துக்கொள்கிறது.

இன்றைய வகை மின்னணு ஏ.பி.எஸ். முறையை பாஷ் 1978-ல் மெர்சிடிஸ் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் போகிறது என்றால், பிரேக்கை வினாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். முதன்முறை அதை உணர்கிறவர்கள் பிரேக் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது; இன்னும் அழுத்த வேண்டும். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, வழுக்கும்போது துணை வராது, அவ்வளவுதான். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், கைபிரேக்கையும் பிரேக் ஆயிலையும் பார்த்துவிட்டு ஓட்டாமல் நிறுத்திவிடுவது நல்லது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் பலத்தைப் பங்கு பிரிக்கும் ஏற்பாடு போயிருக்கலாம். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.

கணபதி வழியாகப் போகும் அந்தச் சத்தி ரோட்டையே பிடித்துக்கொண்டு அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் தாண்டிப் போனால் பண்ணாரி. அதற்கு மேல் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். டேஷ்போர்டு வாயே திறக்காத ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒன்றரை டன் எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக் தட்டில்தான் இறங்கும். அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது; ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. ஆவியை அழுத்தினால் அழுங்கும். பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும்.

சிவப்பு பிரேக் விளக்கு இதைச் சொல்லாது. அதற்குப் பின்னால் இருப்பது டப்பாவில் மிதக்கும் ஒரு மிதவை. ஆயிலின் மட்டம் மட்டுமே அதற்குத் தெரியும், சூடு தெரியாது, ஈரம் தெரியாது. டப்பா நிரம்பியிருக்க, விளக்கு அணைந்திருக்க, பிரேக் மட்டும் இல்லாமல் போகும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு மாற்றாக எந்த சென்சாரும் இன்னும் வரவில்லை.

டயர் அழுத்தம் காட்டும் விளக்கிலும் இப்படி ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. பல கார்களில் அது காற்றை அளப்பதே இல்லை. காற்றிறங்கிய டயர் விட்டம் குறைந்து மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் சுற்றுவதை ஏ.பி.எஸ். சென்சார் வழியாகக் கண்டுபிடிக்கிறது. நாலும் ஒரே அளவில் இறங்கினால் ஒப்பிட ஆளில்லை. காற்றடித்தபின் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும் என்பதைப் பாதிப் பேர் செய்வதில்லை.

கடைசியாக, கேமராவும் ரேடாரும். 2020-ல் எம்.ஜி. குளோஸ்டர், 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்று வரத் தொடங்கிய, அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதி இன்று நடுத்தர விலைக் கார்களிலும் இறங்கிவிட்டது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குப் பின்னால் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார். கோடு தாண்டினால் அதிர்வு, முன்னால் வண்டி நெருங்கினால் சத்தம், கேட்காவிட்டால் தானாகவே பிரேக். தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. வோல்வோ 2007-லும் மெர்சிடிஸ் 2009-லும் கொண்டுவந்தவை. விழித்திருப்பவர் ஸ்டீயரிங்கை ஓயாமல் மிகச் சிறிய அளவில் திருத்திக்கொண்டே இருப்பார். கண் சொக்கும்போது கொஞ்ச நேரம் கை அசையாமல் இருந்துவிட்டு, திடுக்கிட்டு ஒரே இழுப்பாக இழுப்பார். மெர்சிடிஸ் அந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. பிடித்தால் திரையில் ஒரு காபிக் கோப்பை வரும். நம் ஊரில் டீ கிளாஸ் போட்டிருக்கலாம்.

கோடே இல்லாத சாலையில் கோட்டைத் தேடுவதும், இடப்பக்கம் உள்ளே நுழையும் பைக்குக்கெல்லாம் பதறுவதும்தான் நம் ஊரில் அடாஸின் பெயரைக் கெடுத்துவிட்டன. பத்துத் தடவை பொய்யாகக் கத்தினால் புலி வருது கதைதான். பதினோராவது தடவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காந்திபுரம் நெரிசலில் அதை அணைத்து வைக்கிறவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரவில் சேலம் – கொச்சி நெடுஞ்சாலைக்கு ஏறியபின் மறுபடி போடாமல் விடுவதில் அர்த்தமில்லை. அங்கேயும் அதற்கு ஓர் எல்லை உண்டு: ரேடார் நகரும் பொருளை எளிதில் கண்டுகொள்ளும், பாலத் தூண், பெயர்ப் பலகை போன்ற அசையாதவற்றைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். அந்த வடிகட்டலில், பின் விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும் சிக்கிக்கொள்ளலாம். அதிவேகத்தில் போகும்போது, எதிரில் நிற்கும் வண்டிக்காகத் தானாக பிரேக் பிடிப்பது இந்தக் கருவிகளுக்குக் கடினமான பாடம். கனரக லாரிகளிலும் பஸ்களிலும் தானியங்கி பிரேக்கும் தூக்க எச்சரிக்கையும் தடம் மாறும் எச்சரிக்கையும் கட்டாயமாக வேண்டும் என்று மத்திய அரசு 2025 மார்ச்சில் வரைவு விதி வெளியிட்டது.

ஆயுத பூஜை வந்தால் முன் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் எதிரில் பொட்டு விழாதபடி கொஞ்சம் ஓரமாக வைக்கலாம்; பம்பரின் நடுவில் மாலை தொங்கினால் ரேடாருக்கும் மறைக்கும். பழக்கத்தில் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய் காவலை 2017 டிசம்பரிலேயே அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. கல் பட்டு முன் கண்ணாடி உடைந்து மாற்றினால், கேமராவைத் திரும்பப் பொருத்தியதோடு முடிந்துவிடாது, அதை மறுபடி அளவுபடுத்த வேண்டும். கேமரா ஒரு டிகிரி விலகியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் அது ஒன்றேமுக்கால் மீட்டர் தப்பாகப் பார்க்கும். பக்கத்துத் தடத்தில் போகும் பைக்கைத் தன் தடத்தில் போவதாக எடுத்துக்கொள்ள அந்த ஒன்றேமுக்கால் மீட்டர் போதும்.